கை சுடாமல் இறக்க: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

போன இதழில் ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, “ஈரத்துணியால் பாத்திரத்தைப் பிடிக்காதீர்கள்” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களைப் படித்த பிறகுதான், பிடிதுணி விஷயத்தில் எத்தனை பேர் எத்தனை விதமாகக் கை சுட்டுக்கொள்கிறார்கள் என்று புரிந்தது. அதனால் இந்த முறை வேறு எந்தக் கேள்வியையும் எடுக்கவில்லை. முப்பது வருடமாக அடுப்படியில் நிற்கிறேன். அதில் இருபது வருடமாகப் பழைய துணியில் பிடிதுணி தைத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தும் வருகிறேன். நான் பட்டதையும் பார்த்ததையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

*

கேள்வி: அக்கா, முதல் முறையாகத் தனியாக வீடு எடுத்துச் சமைக்கத் தொடங்கியிருக்கிறேன். பிடிதுணி, இடுக்கி, கிளவுஸ், சிலிக்கோன் பிடி என்று என்னென்னவோ விற்கிறார்கள். ஒரு ஆளுக்கு எது போதும்?

பதில்: வாங்கப் போவதற்கு முன்னால் உங்கள் பாத்திரங்களை எல்லாம் மேடையில் வரிசையாக வைத்துப் பாருங்கள் தம்பி. என்ன வேண்டும் என்று அவையே சொல்லிவிடும்.

காதும் இல்லாமல் பிடியும் இல்லாமல், வாய் விளிம்பு மெல்லியதாக இருக்கும் பாத்திரத்துக்கு இடுக்கிதான் சரி. இரண்டு பக்கமும் காது வைத்த பாத்திரத்துக்குச் சதுரமான பிடிதுணி இரண்டு வேண்டும், கைக்கு ஒன்றாக. ஒரே நீளத் துணியின் இரண்டு முனைகளால் இரண்டு காதையும் பிடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நடுவில் தொங்குகிற துணி ஒன்று தீயில் படும், இல்லையென்றால் பாத்திரத்துக்குள் தோயும். நீளப் பிடி வைத்த வாணலிக்கு ஒரு துணி போதும், பாத்திரம் கனமாக இருந்தால் எதிர்ப்பக்கத்துக்கு இன்னொன்று.

ஓவன் இருந்தால் மட்டும் கிளவுஸ் வாங்குங்கள், அதுவும் மணிக்கட்டைத் தாண்டி முழங்கைப் பக்கம் வரை வருவதாக. கீழ்த்தட்டை இழுக்கும்போது மேல்தட்டின் கம்பி முன்கையில் படும். ஓவன்காரர்களில் பாதிப் பேருக்கு அந்த இடத்தில் ஒரு கோடு இருக்கும். ஓவன் இல்லாத வீட்டில் கிளவுஸ் தேவையில்லை என்பது என் எண்ணம். நான்கு விரலும் ஒரே பைக்குள் போய்விடுவதால், சின்னக் காதைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்பதே கைக்குத் தெரியாது.

ஆக உங்களுக்கு நல்ல பருத்தியில் நான்கு சதுரத் துணி, ஒரு இடுக்கி. இரண்டு துணி கையில் இருக்கும்போது மற்ற இரண்டும் காய்ந்துகொண்டிருக்கட்டும். ஏன் நான்கு என்பது அடுத்த பதிலில் வருகிறது.

*

கேள்வி: ஈரத்துணி குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது? அது சூட்டைத் தணிக்கும் என்று நினைத்துத்தான் இத்தனை நாளாக நனைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். கூடாது என்று ஏன் சொல்கிறீர்கள்?

பதில்: அம்மா, நானும் அப்படி நினைத்தவள்தான். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மேடையைத் துடைத்த துணி கையில் இருந்தது. முழு ஈரம்கூட இல்லை, ஒரு மூலை மட்டும்தான் நனைந்திருந்தது. கொதித்துக்கொண்டிருந்த தண்ணீர்ப் பாத்திரத்தை அந்தத் துணியாலேயே தூக்கிவிட்டேன். முதல் விநாடி ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது விநாடி கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சுரீர் என்றது. பாத்திரம் அடுப்புக்கும் மேடைக்கும் நடுவில் அந்தரத்தில் இருக்கிறது. பக்கத்தில் என் தங்கை நிற்கிறாள், அதனால் போடவும் முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு அடி நகர்ந்து இறக்கி வைத்தேன். இடது கையில் அந்த இடத்தில் இன்றைக்கும் பழைய நாணயம் அளவுக்கு வழவழவென்று ஒரு தழும்பு இருக்கிறது. விரலை விரிக்கும்போது லேசாக இழுக்கும்.

அன்றைக்கு என்ன நடந்தது என்பது பிற்பாடுதான் புரிந்தது. காய்ந்த துணி கையைக் காப்பாற்றுவது நூலால் மட்டும் இல்லை. நூலுக்கும் நூலுக்கும் நடுவில் அடைபட்டிருக்கும் காற்றுதான் பெரிய வேலையைச் செய்கிறது. அசையாமல் நிற்கும் காற்று சூட்டைச் சீக்கிரம் கடத்தாது. துணி நனைந்தால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துகொள்கிறது. தண்ணீரோ காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். பாத்திரத்தின் விளிம்பு 100 டிகிரியைத் தாண்டி இருந்தால் அந்த ஈரம் ஆவியாகவே மாறித் துணிக்குள் புகுந்து தோலைத் தேடி வரும். 60 டிகிரி தண்ணீர் ஐந்து விநாடியில் தோலை ஆழமாக வேகவைத்துவிடும். 70 டிகிரிக்கு ஒரு விநாடி போதும். இதை வைத்து ஆவியை நினைத்துப் பாருங்கள்.

அதனால் கை துடைக்கிற துணி வேறு, மேடை துடைக்கிற துணி வேறு, பாத்திரம் பிடிக்கிற துணி வேறு. என் வீட்டில் இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பிடிதுணியின் நிறமே தனி. அடர்நீலத் துணியால் யாரும் எதையும் துடைக்கக் கூடாது. விருந்தாளியாக வந்து உதவிக்கு நிற்பவர்களிடமும் முதலில் அதைத்தான் சொல்வேன். எடுக்கும்போது ஒரு தடவை உள்ளங்கையில் கசக்கிப் பார்ப்பது பழகிவிட்டது. சில்லென்று இருந்தால் கொடியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பேன். நான்கு வேண்டும் என்றது இதற்காகத்தான்.

வியர்வையும் ஈரம்தான். கிளவுஸுக்குள் கை வியர்த்து உள்துணி நசநசவென்று இருந்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும். கையைக் கழுவியதும் நன்றாகத் துடைத்துவிட்டு அப்புறம் போடுங்கள்.

*

கேள்வி: நல்ல தடிமனான கிளவுஸ்தான் வாங்கினேன். ஆனாலும் ஓவனிலிருந்து தட்டை எடுத்து, வைக்க இடம் தேடுவதற்குள் கை சுட்டுவிட்டது. தரமில்லாததை வாங்கிவிட்டேனா?

பதில்: உங்கள் கேள்வியிலேயே காரணம் இருக்கிறது. “வைக்க இடம் தேடுவதற்குள்” என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

எந்தப் பிடிதுணியும் சூட்டை நிறுத்தாது, மெதுவாக்கத்தான் செய்யும். துணியோ கிளவுஸோ சிலிக்கோனோ, சில விநாடிகள் அவகாசம் வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். ஐரோப்பாவில் சூடு தாங்கும் கையுறைகளுக்கு ஈஎன் 407 என்று ஒரு தர அளவு உண்டு. அதில் இரண்டாம் நிலை என்றால், 250 டிகிரி சூட்டில் இருக்கும் பரப்பைத் தொட்டிருந்தாலும் 15 விநாடி வரை உட்புறச் சூடு 10 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது. முதல் நிலைக்கும் அதே 15 விநாடிதான், பரப்பின் சூடு மட்டும் 100 டிகிரி. சோதித்து முத்திரை குத்தி வருகிற கையுறைக்கே கணக்கு 15 விநாடி என்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்! ஓவன் சாதாரணமாக 200 டிகிரிக்கு மேல் ஓடுவதால், கிளவுஸின் உறையில் அந்த எண் இருந்தால் இரண்டாம் நிலையோ அதற்கு மேலோ பார்த்து வாங்குங்கள்.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஓவன் கதவைத் தொடுவதற்கு முன்னால் மேடையில் இடத்தை ஒழித்து, கீழே ஒரு பிரிமணையோ மரப்பலகையோ வைத்துவிடுவேன். நான் நடக்கப்போகும் வழியில் நாற்காலி, குழந்தை, திறந்த இழுப்பறை எதுவும் இருக்கக் கூடாது. அப்புறம்தான் கிளவுஸ். தூக்கியதும் மனதுக்குள் எண்ணத் தொடங்குவேன். ஐந்து எண்ணுவதற்குள் பாத்திரம் கீழே இருக்க வேண்டும். பத்து வரை போனால் இடத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்திருக்கிறேன் என்று அர்த்தம்.

இன்னொன்று. உங்கள் கிளவுஸில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் இடத்தை வெளிச்சத்தில் பிடித்து அமுக்கிப் பாருங்கள். முதலில் நைந்துபோவது அங்கேதான். மற்ற இடமெல்லாம் மெத்தென்று இருக்கும், அந்த இடத்தில் மட்டும் உள்ளே இருந்த பஞ்சு நகர்ந்து இரண்டு துணி ஒட்டினாற்போல் ஆகியிருக்கும். கனமான தட்டை இறுக்கிப் பிடிப்பதும் அந்த இடத்தில்தான். அப்படி ஆகியிருந்தால் ஓவனுக்கு இனி அது உதவாது.

*

கேள்வி: தையல் மெஷின் இருக்கிறது, பழைய துணியும் நிறைய இருக்கிறது. நானே பிடிதுணி தைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். எந்தத் துணி, எத்தனை மடிப்பு, எந்த நூல்? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

பதில்: சந்தோஷமாகச் சொல்கிறேன், எனக்குப் பிடித்த வேலை இது.

முதலில் துணி பருத்திதானா என்று பார்க்க வேண்டும். பார்வைக்குப் பருத்தி மாதிரியே இருக்கும் கலப்புத்துணிகள் ஏராளம். ஓரத்திலிருந்து நான்கைந்து நூலை உருவி, இடுக்கிமுள்ளால் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே வைத்துப் பற்றவையுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், தொட்டால் உதிர்ந்துபோகிற சாம்பல் மிஞ்சும். பாலியஸ்டர் கலந்திருந்தால் நூல் சுருண்டு உருகி, நுனியில் கறுப்பாகக் கெட்டியான மணி ஒன்று நிற்கும். அந்த மணியை நகத்தால் நசுக்கிப் பார்த்தால் நசுங்காது. பாலியஸ்டர் 250 டிகிரிக்குச் சற்று மேலே உருகத் தொடங்கும். காலியாக அடுப்பில் நிற்கும் வாணலி அந்தச் சூட்டை எளிதாகத் தொட்டுவிடும். பருத்தி கருகும், ஆனால் உருகாது. உருகிய துணி தோலில் ஒட்டிக்கொண்டு சுடும் என்பதால்தான் இந்தச் சோதனையை நான் ஒருமுறைகூட விடுவதில்லை.

வெளிப்பக்கத்துக்குப் பழைய ஜீன்ஸ் அருமையான துணி. நெருக்கமாக நெய்தது, வழுக்காது. ஆனால் இழுத்தால் நீள்கிற ஜீன்ஸ் வேண்டாம், அதில் ரப்பர் போன்ற செயற்கை நூல் ஓடுகிறது. உள்ளே வைக்கப் பழைய டர்க்கி டவல். அதிலிருக்கும் சின்னச் சின்ன வளையங்கள் காற்றைப் பிடித்து வைக்கும். அதை வெளிப்பக்கம் வைக்காதீர்கள், கேஸ் அடுப்பின் தீ அந்த வளையங்களில் சட்டென்று தொற்றிக்கொள்ளும். வீட்டில் யாருடையதாவது பழைய கம்பளி ஸ்வெட்டர் வெந்நீரில் துவைத்துச் சுருங்கிக் கெட்டியாகிப் போயிருந்தால் தூக்கிப் போடாதீர்கள். உள்ளே வைக்க அதைவிட நல்லது இல்லை. கம்பளி உருகாது, லேசில் தீப்பிடிக்கவும் செய்யாது. தூய கம்பளிதானா என்று அதற்கும் நூல் சோதனை உண்டு. முடி கருகுகிற வாடை வரும்.

என் அளவு 20 சென்டிமீட்டர் சதுரம். அதைவிடச் சின்னதாக இருந்தால் விரல்நுனி வெளியே வந்துவிடும், பெரியதாக இருந்தால் மூலை தொங்கித் தீயைத் தொடும். ஜீன்ஸ் ஒன்று, டவல் இரண்டு, மறுபடி ஜீன்ஸ் ஒன்று, ஆக நான்கு அடுக்கு. ஆறு அடுக்கும் தைத்துப் பார்த்திருக்கிறேன். சூடு தெரியவில்லைதான், ஆனால் கை மடங்கவில்லை. பாத்திரத்தின் காது நழுவி, அரைப் பாத்திரம் தண்ணீர் மேடையில் கொட்டியது. சூட்டைத் தடுக்கத் தடிமன் வேண்டும், பிடி நழுவாமல் இருக்க மெல்லிசாக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒத்துவந்தது நான்கு அடுக்கு. உங்கள் கை சின்னதாக இருந்தால் டவலுக்குப் பதில் மெல்லிய கம்பளி ஒன்று வைத்து மூன்று அடுக்காகக் குறைத்துப் பாருங்கள்.

நூலும் பருத்தி நூலாகவே இருக்கட்டும். மெஷினுக்கு வழக்கமாக வருவது பாலியஸ்டர் நூல். சூடான விளிம்பில் அது உருகி அறுந்தால், துணி நன்றாக இருக்கும்போதே ஓரம் பிரிந்துவிடும். நான் முதலில் தைத்த பத்துப் பன்னிரண்டு அப்படித்தான் போயின. ஏன் பிரிகிறது என்று எனக்கு வெகுநாள் தெரியவில்லை. ஒரு நாள் பிரிந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தபோது, நூலின் நுனியில் கடுகைவிடச் சின்னதாக ஒரு கெட்டி மணி தட்டுப்பட்டது. மேலே சொன்ன அதே மணி.

அடுக்குகள் நகராமல் இருக்கக் குறுக்கே தையல் போட வேண்டும், ஆனால் நெருக்கிப் போடாதீர்கள். தையல் ஓடுகிற கோட்டில் துணி அமுங்கி, உள்ளே இருக்கும் காற்று வெளியேறிவிடும். சூடு அந்தக் கோடு வழியாகத்தான் முதலில் வரும். மூலையிலிருந்து மூலைக்கு ஒரு பெருக்கல் குறி போட்டு, சுற்றிலும் ஓரம் தைத்தால் போதும். மாட்டுவதற்கு ஒரு மூலையில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வளையம்.

தைத்து முடித்ததும் சோதித்துப் பார்க்காமல் யாருக்கும் கொடுக்க மாட்டேன். பாதி அளவு தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்தை அடுப்பிலிருந்து எடுத்து மேடையில் வைத்துவிட்டு, அதன் காதைத் துணியால் பிடித்து நிதானமாக எண்ணுவேன். தூக்குவது கிடையாது, பிடித்துக்கொண்டு நிற்பது மட்டும்தான். 20 வரை எண்ணியும் கை பொறுக்கிறது என்றால் கொடுக்கலாம். பத்திலேயே சூடு தெரிந்தால் பிரித்து இன்னொரு டவல் வைப்பேன்.

*

கேள்வி: வெள்ளி நிறத்தில் பளபளவென்று ஒரு பூச்சு போட்ட துணி கிடைக்கிறதே, அது நல்லதா?

பதில்: அந்தப் பூச்சு எட்ட இருந்து வீசும் அனலைத் திருப்பி அனுப்பும். பாத்திரத்தை நேராகத் தொடும்போது அந்தக் குணம் உதவாது. அதற்குப் பின்னால் எவ்வளவு பஞ்சோ துணியோ இருக்கிறது என்பதுதான் கணக்கு. ஓவன் கிளவுஸின் முதுகுப்பக்கம் அது இருந்தால் பயன் உண்டு. உலோகப் பூச்சு என்பதால் மைக்ரோவேவுக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள், பொறி பறக்கும்.

*

கேள்வி: என் அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. விரல் மூட்டில் வலி, கையும் லேசாக நடுங்குகிறது. ஆனாலும் தானே சமைப்பேன் என்கிறார். இடுக்கியை அழுத்திப் பிடிக்க முடியவில்லை, துணியும் நழுவுகிறது. என்ன வாங்கிக் கொடுக்கலாம்?

பதில்: உங்கள் அம்மா சமைக்கட்டும், அதை நிறுத்தாதீர்கள். அவர் தூக்க வேண்டிய பாரத்தைக் குறையுங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நான்கு லிட்டர் கொள்ளும் பாத்திரம் நிறைந்திருந்தால், பாத்திரத்தோடு சேர்த்து ஐந்து கிலோ வந்துவிடும். வலிக்கிற விரலால் அதை விளிம்பில் பிடித்துத் தூக்குவது எந்தத் துணி இருந்தாலும் ஆபத்து. அதனால் முதலில் பாத்திரத்தை மாற்றுங்கள். இரண்டு பக்கமும் உள்ளங்கை நுழையும் அளவுக்குப் பெரிய காது வைத்தது, இரண்டு லிட்டருக்கு மேல் போகாதது. கொதிக்கும் தண்ணீரை வடிக்கப் பாத்திரத்தைச் சாய்ப்பதற்குப் பதிலாகக் கரண்டியால் மொண்டு எடுக்கலாம். அடுப்பை அணைத்துவிட்டுப் பாத்திரத்தை அங்கேயே விட்டு வைப்பதில் ஒரு குறையும் இல்லை. எல்லாவற்றையும் இறக்கியே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? அரை மணி நேரம் கழித்து ஆறியதும் நீங்களோ வேறு யாரோ இறக்கலாம்.

பிடிப்பதற்குச் சிலிக்கோன் அவருக்கு உதவும். அதன் மேல்பரப்பு பாத்திரத்தைக் கவ்விக்கொள்ளும் என்பதால் அழுத்திப் பிடிக்க வேண்டியதில்லை. வெளியே தண்ணீர் பட்டாலும் உள்ளே ஊறாது. பெரும்பாலான சிலிக்கோன் பிடிகள் 230 டிகிரி வரை தாங்கும், ஆனால் நேரடித் தீயில் காட்டக் கூடாது. ஒரு குறை, மெல்லிய சிலிக்கோன் மட்டும் என்றால் அதற்குள் காற்று கிடையாது, கொஞ்ச நேரத்தில் சூடு ஊறி வந்துவிடும். உள்ளே பருத்தி வைத்துத் தைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். விரல் ஐந்தும் தனித்தனியாக நுழைகிற கிளவுஸ் வேண்டாம். சுடுகிறது என்று தெரிந்த நொடியில் வலிக்கிற மூட்டுகளை அதிலிருந்து உருவுவது கஷ்டம். உதறினால் விழுந்துவிட வேண்டும், அப்படி லூசாக இருக்கட்டும்.

என் மாமியாருக்கும் கடைசி ஏழெட்டு வருடம் கை நடுக்கம் இருந்தது. அடுப்புக்குப் பக்கத்திலேயே, அதே உயரத்தில் மரப்பலகை ஒன்றை நிரந்தரமாக வைத்துவிட்டோம். அவர் பாத்திரத்தைத் தூக்குவதே இல்லை. இரண்டு காதையும் பிடித்து அடுப்பிலிருந்து பலகைக்கு மெல்ல நகர்த்துவார், ஒரு சாண் தூரம்தான். ஒரு தடவைகூடச் சுட்டுக்கொண்டதில்லை. அடுப்பும் பலகையும் சரியாக ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், விளிம்பு தட்டினால் கவிழும்.

*

கேள்வி: இடுக்கியால் பிடித்த பால் பாத்திரம் அப்படியே சுழன்று கவிழ்ந்துவிட்டது. நல்ல வேளை, யார் மேலும் படவில்லை. இடுக்கி வாங்கி ஐந்து வருடம் இருக்கும். புதிது வாங்க வேண்டுமா?

பதில்: இன்றைக்கே மாற்றுங்கள். நடு ஆணி தளர்ந்த இடுக்கி பக்கவாட்டில் ஆடும். இடுக்கியின் இரண்டு கைப்பிடியையும் மூடிப் பிடித்து வாய்ப்பகுதியை ஆட்டிப் பார்த்தால் தெரியும். உள்பக்கத்தில் இருக்கும் பற்கள் தேய்ந்து வழவழப்பாகி இருந்தாலும் இதே கதைதான்.

புதிய இடுக்கியை வாங்கியதும் உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு பாத்திரத்திலும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, தொட்டிக்கு மேலே பிடித்துப் பாருங்கள். விளிம்பு வெளியே சுருட்டி மடித்திருக்கும் பாத்திரத்தை எல்லா இடுக்கியும் கவ்வாது. எது நிற்கிறது, எது சுழல்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். சுழல்கிற பாத்திரத்துக்கு அந்த இடுக்கியை எடுக்கவே கூடாது. அப்புறம், பாத்திரம் கனமாக இருந்தால் இடுக்கியோடு மறு கையில் ஒரு பிடிதுணியும் வேண்டும். ஒரே இடத்தில் கவ்வித் தூக்கினால் மொத்தப் பாரமும் அந்த ஒரு புள்ளியைச் சுற்றித் திரும்பப் பார்க்கும். எதிர்ப்பக்கத்தில் துணியால் அணைத்துக்கொண்டால் திரும்பாது. முக்கால் பாத்திரத்துக்கு மேல் இருந்தால் நான் இடுக்கியைத் தொடுவதில்லை.

*

கேள்வி: பிடிதுணியை எப்போது துவைப்பது? எங்கே மாட்டுவது?

பதில்: வாரம் ஒரு முறை, எண்ணெய் பட்டால் அன்றைக்கே. எண்ணெய் ஊறிய துணி தீயைச் சீக்கிரம் பிடிக்கும், கையிலும் வழுக்கும். பருத்தியை நல்ல வெந்நீரில் ஊறவைத்துத் துவைக்கலாம், கம்பளி வைத்துத் தைத்தது என்றால் குளிர்ந்த தண்ணீர். உள் அடுக்கு காய ஒரு முழு நாள் ஆகும். வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் நம்பாதீர்கள்.

அடுப்புக்கு மேலேயும் பின்னாலேயும் மாட்டாதீர்கள். தீக்கு மேலே கையை நீட்டி எடுக்க வேண்டி வரும், துணி நழுவி பர்னரில் விழவும் செய்யும். அடுப்புக்குப் பக்கவாட்டில், ஒரு கை நீளத்துக்குத் தள்ளி ஒரு ஆணி போதும். எட்டாத இடத்தில் இருந்தாலும் ஆபத்துதான். அவசரத்தில் உடுத்தியிருக்கும் துணியின் நுனியைச் சுருட்டிப் பாத்திரத்தைப் பிடிப்போம். தீப்பற்றினால் அதை எங்கே போடுவது? பிடிதுணியில் தீ பிடித்தால் தொட்டிக்குள் போட்டுக் குழாயைத் திறந்துவிடலாம். ஓடாதீர்கள், உதறாதீர்கள், அடுப்பை அணைத்துவிடுங்கள்.

*

கேள்வி: ஓவனிலிருந்து எடுத்த இரும்பு வாணலியை மேடையில் வைத்திருந்தேன். ஐந்து நிமிடம் கழித்து வந்த கணவர் வெறுங்கையால் பிடியைத் தூக்கிவிட்டார். இதற்கு என்ன செய்வது?

பதில்: வாணலியைப் பார்த்தால் சூடாக இருக்கிறதா என்று தெரியாது, அதுதான் பிரச்சினை. அடுப்பில் வைத்து எடுத்தால் பிடியின் நுனி ஓரளவு ஆறி இருக்கும், கையும் அதற்குப் பழகியிருக்கும். ஓவனில் வாணலியும் பிடியும் ஒரே சூடு. கனமான இரும்பு அரை மணி நேரத்துக்கு மேல்கூடச் சூட்டை வைத்திருக்கும்.

வெளியே எடுத்து வைத்ததும் பிடியின் மேல் கிளவுஸைச் செருகி விட்டுவிடுங்கள். பிடியில் கிளவுஸ் இருந்தால் தொடாதே என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். ஆறியதும் எடுத்து மாட்டிவிடலாம். மூடி சூடாக இருந்தால் அதன் குமிழ் மேலும் ஒரு துணி. அலுமினியப் பிடிகளில் இன்னும் கவனம் தேவை. எவர்சில்வரைவிட அலுமினியம் பத்து மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். அடுப்பில் வைத்த கொஞ்ச நேரத்திலேயே அதன் காது சுட ஆரம்பித்துவிடும்.

உங்கள் கணவரின் கை இப்போது எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. கொப்புளம் உள்ளங்கை முழுக்க இருந்தாலோ, விரலை மடக்க முடியாமல் இருந்தாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இதைப் படிக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன்: சுட்டதும் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். ஒரு நிமிடம் காட்டிவிட்டு எடுத்துவிடக் கூடாது, கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம். மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். ஐஸ் வேண்டாம், பற்பசை, வெண்ணெய், எண்ணெய் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். உருகிய துணி தோலில் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், அப்படியே மருத்துவரிடம் போங்கள்.

*

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. அடுப்படியில் உதவுகிறேன் என்று ஆசையாக வருகிறாள். அவளுக்குச் சின்னக் கிளவுஸ் வாங்கிக் கொடுத்துப் பாத்திரம் இறக்கப் பழக்கலாமா?

பதில்: பழக்கலாம், ஆனால் சூடான பாத்திரத்தில் தொடங்க வேண்டாம். பெரியவர்கள் கிளவுஸ் அவள் கையில் சுழலும். பொம்மைப் படம் போட்டு வருகிற சின்னக் கிளவுஸ்களில் விளையாட்டுக்கென்றே செய்தவையும் உண்டு, உள்ளே ஒன்றும் இருக்காது. அவள் கைக்கு 15 சென்டிமீட்டர் சதுரத்தில் நீங்களே இரண்டு துணி தைத்துக் கொடுங்கள். மேலே சொன்ன அடுக்குக் கணக்கேதான், எண்ணிப் பார்க்கும் சோதனையை மட்டும் நீங்கள் செய்யுங்கள்.

என் அக்காள் மகளை நான் பழக்கியது இப்படி. முதல் இரண்டு வாரம் பச்சைத் தண்ணீர் ஊற்றிய பாத்திரம். துணி காய்ந்திருக்கிறதா என்று கசக்கிப் பார்ப்பாள், வைக்கும் இடத்தை விரலால் காட்டுவாள், “சூடு வருது, வழி விடுங்க” என்று சத்தமாகச் சொல்வாள், அப்புறம் தூக்கி நடப்பாள். தண்ணீர் சிந்தினால் மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது வாரம் கை பொறுக்கும் வெந்நீர். கொதிக்கிற பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்க விட்டது அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது. அடுப்பு மேடை அவள் இடுப்புக்கு வந்திருந்தது. மேடை மார்புக்கு நேராக இருக்கும்வரை வேண்டவே வேண்டாம், சிந்தினால் கழுத்தில்தான் விழும். உங்கள் மகளை மேடை அருகே நிறுத்தி அளந்து பாருங்கள். அதுவரைக்கும் காய்ந்த துணியை எடுத்துக் கொடுப்பதும் பிரிமணையை வைப்பதும் அவள் வேலையாக இருக்கட்டும்.